பேட்டரியா, டைனமோவா, வெறும் எர்த் ஒயரா? உப்புக்காற்று ஊரில் எதற்கு முதலில் காசு போடுவது

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கி அணைகிறது. பக்கத்து வீட்டுக்காரர், பால் ஊற்ற வந்தவர், தெருவில் போகிற ஆட்டோக்காரர் என்று எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: "பேட்டரி போச்சுண்ணே, மாத்திருங்க." நாமும் அன்றைய அவசரத்தில் சில ஆயிரங்களை எடுத்து வைத்து மாற்றிவிடுவோம். வண்டியும் கிளம்பிவிடும். கிளம்பியதாலேயே தீர்ப்பு சரி என்று நம்பிவிடுகிறோம். எங்கள் கடற்கரையில் இந்த நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

என் வீடு ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, எந்தப் பக்கம் போனாலும் சில கிலோமீட்டரில் கடல். எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒன்று வைத்திருந்தேன். ஒரு நாள் செல்ஃப் எடுக்கவில்லை, புது பேட்டரி போட்டேன். ஏழு மாதத்தில் அதே கதை. வாரண்டியில் இன்னொன்று கொடுத்தார்கள். அதுவும் படுத்தபோது மண்டபம் ஊரில் இருந்து ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். சார்ஜர் போட்டு ஏற்றி எடுத்து வந்திருந்த பேட்டரியை மாட்டி, மீட்டரின் ஒரு முனையை அதன் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இன்ஜின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, "சாவியைத் திருப்புங்கண்ணே" என்றார். மீட்டர் ஒன்றே முக்கால் வோல்ட் காட்டியது. அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. "பேட்டரில தப்பே இல்லண்ணே. கரண்ட் திரும்பி வர்ற வழி அடைஞ்சு கெடக்கு" என்று சொல்லிவிட்டு, பேட்டரி நெகட்டிவை இன்ஜின் உடம்போடு சேர்க்கும் எர்த் கேபிளைக் கழற்றி அதன் கறுப்பு ரப்பரைக் கத்தியால் கீறினார். வெளியே பளபளவென்று இருந்த கேபிளுக்குள் செப்புக் கம்பிக்குப் பதில் பச்சைப் பொடி. அவர் உள்ளங்கையில் கொட்டியது. உயிரோடு இருந்த இழைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். புது கேபிளுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்தான்.

சரி, எர்த் கெட்டால் பேட்டரி ஏன் சாக வேண்டும்? டைனமோ, அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், 14.2 வோல்ட் கொடுத்தாலும் வழியிலேயே ஒரு வோல்ட் தின்றுபோனால் பேட்டரிக்குச் சேர்வது 13.2. அது அரைவயிற்றுச் சாப்பாடு. மாதக்கணக்கில் அரைவயிற்றோடு ஓடிய ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. நான் மாற்றிய இரண்டு பேட்டரிகளும் நோயாளிகள் அல்ல, பட்டினி போடப்பட்டவை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் எதை வாங்கலாம் என்பதற்கு முன்னால் எதை அளப்பது என்று எழுதுகிறேன்.

இந்தக் காற்று எவ்வளவு அரிக்கும் என்பதற்கு நம் அனுபவம் மட்டும் சாட்சி இல்லை. உலோகம் உப்புக்காற்றில் எப்படித் துருப்பிடிக்கிறது என்று ஆராய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தேர்ந்தெடுத்த இடங்களில் மண்டபமும் ஒன்று. பாம்பன் பாலத்து இரும்பைப் பராமரிப்பவர்களுக்கு இது தெரியும். நம் காரின் பானட்டுக்குள்ளும் அதே காற்றுதான் போகிறது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு அலை தெறிக்கும் தூரத்தில் வண்டி ஓட்டுகிறோம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும். செம்பு பச்சை பூக்கும், அலுமினியம் வெள்ளை பூக்கும், ஈய முனையில் நீலமும் வெள்ளையுமாகப் படியும். மூன்றும் மின்சாரத்துக்கு எதிரிதான்.

ஆகவே முதல் செலவு மீட்டருக்கு. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கு எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன், பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6-ஐ ஒட்டி இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி. அப்புறம் யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் அந்த இரண்டு விநாடியில் எண் இறங்கும். நிறைந்த பேட்டரி 9.6-க்குக் கீழே போகக் கூடாது. 12.6 காட்டிவிட்டு, சுற்றும்போது 7, 8 என்று சரிந்தால் பேட்டரிக்கு உள்ளே பலமில்லை. சுற்றும்போதும் முனைகளில் 11 காட்டிக்கொண்டு செல்ஃப் மட்டும் முனகினால் வழியில் தடை. பேட்டரி மேல் பழி போடாதீர்கள்.

இன்ஜின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் 13.5-க்கு மேல் நிற்க வேண்டும். 12.4-ல் இருந்து மேலே ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர், நம் மெக்கானிக்குகள் சொல்லும் கட்அவுட், கைவிட்டுவிட்டது. இந்த இரண்டாவது நிலை முதலாவதைவிட மோசம். பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வரும், பக்கங்கள் உப்பும். இதில் புது பேட்டரியை மாட்டினால் சில வாரங்களில் அதுவும் வெந்துவிடும். மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சார) வோல்ட்டுக்குத் திருப்பி அதே முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டைனமோவுக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். போன டயோடு, இரவில் வண்டி நிற்கும்போது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சவும் செய்யும்.

ஒரு பழைய வழக்கத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். வண்டியை ஓடவிட்டு, பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, "ஓடுது பார், டைனமோ நல்லாருக்கு" என்று காட்டுவார்கள். அம்பாசடர் காலத்தில் அது நடந்திருக்கலாம். இன்றைய வண்டியில் பேட்டரி கழன்ற நொடியில் வோல்டேஜ் எகிறும். ஈசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், டைனமோவின் டயோடுகள், மியூசிக் சிஸ்டம் எது வேண்டுமானாலும் போகும். உங்கள் வண்டியில் யாராவது அப்படிச் செய்யக் கை வைத்தால் தயங்காமல் தடுங்கள்.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். ஏறக்குறைய இலவசமான வழி, துடைப்பதும் இறுக்குவதும். நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து முனைகளில் ஊற்றினால் நுரைத்து வரும். பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காய வைத்து, உப்புத்தாள் போட்டு ஈயம் மின்னும் வரை உரசி மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். மாட்டுவதற்கு முன்பே உள்ளே கிரீஸைத் திணிப்பது தவறு. பேட்டரியின் மேல்மூடியையும் துடையுங்கள். கடற்கரையில் அதன் மேல் படியும் உப்பு ஈரம் பட்டதும் மின்சாரத்தைக் கடத்தும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்துச் சிவப்பு முனையை பிளாஸ்டிக் மூடி மேல் சும்மா நகர்த்திப் பாருங்கள். அங்கே ஓரிரு வோல்ட் காட்டினால் உங்கள் பேட்டரி இராப்பகலாகத் தன்மேலேயே வடிந்துகொண்டிருக்கிறது. எனக்கு இது முதலில் நம்பக் கஷ்டமாக இருந்தது. ஐப்பசியில் வாடைக்காற்று ஈரத்தோடு வீசிய ஒரு காலையில் நானே அளந்து பார்த்து நம்பினேன்.

எர்த் கேபிள்தான் இங்கே பெரிய திருடன். இன்ஜின் உடம்பில் இருந்து பேட்டரி நெகட்டிவுக்கு, வண்டி ஓடும்போது விளக்கெல்லாம் போட்டு 0.2 வோல்ட்டுக்கு மேலோ, செல்ஃப் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேலோ வந்தால் கேபிளை மாற்றுங்கள். வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டைனமோவின் பின்னால் இருக்கும் தடித்த பாசிட்டிவ் ஒயரையும் இதே மாதிரி அளக்கலாம். அதன் போல்ட்டில் இருந்து பேட்டரி பாசிட்டிவ் வரை 0.3-க்குள் இருந்தால் நல்லது. துடைத்து, கேபிள் மாற்றி, எண்கள் சரியாகி, ஒரு வாரம் ஓடியும் பிரச்சினை வரவில்லை என்றால் நீங்கள் மிச்சப்படுத்தியது ஒரு பேட்டரியின் விலை.

அடுத்து பேட்டரி. ஏற்றுவதா, மாற்றுவதா? வயதைப் பாருங்கள். நம் வெயிலில் மூன்றிலிருந்து ஐந்து வருடம் உழைத்தால் அது நியாயமான ஆயுள். சூடு கூடக் கூட உள்ளே வேதிவினை வேகமாகும், தகடும் வேகமாகக் கரையும். மூன்று வயதுக்குள் இருந்து, விளக்கை அணைக்க மறந்ததால் காலியானது என்றால், கடையில் சார்ஜர் போட்டு இரவு முழுக்க மெதுவாக ஏற்றுங்கள். ஏற்றி முடித்து பன்னிரண்டு மணி நேரம் சும்மா வைத்த பிறகும் 12.5-க்கு மேல் நின்றால் தொடர்ந்து ஓட்டலாம். நாலு வயதாகி, சுற்றும்போது சரிந்தால் மாற்றுங்கள், மன்னித்து வைத்திருப்பதில் பயனில்லை. தண்ணீர் ஊற்றும் வகையில், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போட்டு ஆறு அறைகளையும் பாருங்கள். ஐந்து ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் 0.05-க்கு மேல் குறைந்தால் அந்த அறை செத்துவிட்டது. அதை எழுப்ப வழியில்லை.

பேட்டரி முழுக்க இறங்கிய வண்டியைத் தள்ளியோ, இன்னொரு வண்டியின் பேட்டரியில் இருந்து ஜம்பர் கேபிள் போட்டோ ஸ்டார்ட் செய்து, ராமேஸ்வரத்தில் இருந்து மதுரை வரை ஏசி போட்டு ஓட்டினால் தானாக ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டைனமோ இருக்கிற சார்ஜைக் காப்பாற்றத்தான் செய்யப்பட்டது. காலி பேட்டரியை நிரப்பும் வேலையை அதன் மேல் போட்டால் அது கொதிக்கும். பேட்டரியோடு டைனமோவும் சேர்ந்து போன வண்டிகளில் சில இப்படித்தான் போகின்றன. ஜம்பர் போடுவதாக இருந்தால் கடைசி இணைப்பை, அதாவது காலி வண்டியின் நெகட்டிவை, பேட்டரியில் இல்லாமல் தள்ளி இன்ஜின் இரும்பில் கொடுங்கள். ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும்.

புதிது வாங்கும்போது தண்ணீர் ஊற்ற வேண்டாத வகையா, ஊற்றும் வகையா? எங்கள் ஊருக்கு முதலாவதைச் சொல்வேன். காரணம் தண்ணீர்தான். ராமநாதபுரம் போர் தண்ணீரின் உப்பு எல்லோரும் அறிந்தது. அவசரத்துக்கு அதை ஊற்றிக் கெட்ட பேட்டரிகளைப் பார்த்திருக்கிறேன். குடிநீர் கேனும் ஆகாது, டிஸ்டில் வாட்டர் மட்டும்தான். அதை மாதா மாதம் பார்த்து ஊற்ற நேரமும் பொறுமையும் இருப்பவருக்கு ஊற்றும் வகையில் ஒரு நன்மை உண்டு, ஹைட்ரோமீட்டரால் உள்ளே பார்க்கலாம். எந்த வகையானாலும் தயாரித்த மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையில் ஆறு மாதம் தூங்கியது வேண்டாம்.

அடுத்தது டைனமோ. சாவி போட்டால் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் பானட்டைத் திறந்து முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்து விளக்கு எரிந்தால் சூடும் ஏறும். இன்னும் ஒரு கிலோமீட்டர் என்று ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள். பெல்ட் நன்றாக இருந்து விளக்கு மட்டும் எரிந்தால், பகல் என்றால், ஏசி, ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல் பக்கத்து ஊருக்குப் போய்விடலாம். நல்ல பேட்டரி அரை மணி, முக்கால் மணி தாங்கும். தனுஷ்கோடியில் இருந்து ராமேஸ்வரம் வர அது போதும்.

சார்ஜ் ஏறவில்லை என்று மீட்டர் சொல்லி, ஒயர்களும் சுத்தம் என்றால் நான்கு வழிகள் இருக்கின்றன. உள்ளூரில் பிரித்து வேலை பார்ப்பது, பழையதைக் கொடுத்து ரீகண்டிஷன் செய்ததை வாங்குவது, உடைத்த வண்டியில் கழற்றியதை வாங்குவது, புதிது.

நான் முதலில் உள்ளூர் எலக்ட்ரீஷியனிடம்தான் போவேன். டைனமோவில் அதிகம் தேய்வது கார்பன் பிரஷ், அப்புறம் பேரிங், அப்புறம் ரெகுலேட்டர். மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கும். புது டைனமோ விலையில் சிறு பங்குதான் ஆகும். ராமநாதபுரம் டவுனிலும் கீழக்கரையிலும் இதை அரை நாளில் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள். பின்மூடியைக் கழற்றியதும் மூன்று இடங்களைக் காட்டச் சொல்லுங்கள். கார்பன் பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங் செம்பு நிறத்தில் வழவழப்பாக இருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா? காயிலின் வார்னிஷ் பொன்னிறமா, கரிந்து கறுப்பா? டயோடு பிளேட்டில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? ரிங்கும் காயிலும் நன்றாக இருந்தால் கார்பனும் பேரிங்கும் மாற்றிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். காயில் கரிந்திருந்தால் புதிதாகக் காயில் கட்டுகிறேன் என்று சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டுவது கஷ்டமான கைவேலை, நம் ஈரத்தில் வார்னிஷ் சரியாகக் காயாவிட்டால் மறுபடி ஷார்ட் ஆகும்.

டயோடு பிளேட் மட்டும் போயிருந்தால் யோசிக்க வேண்டியது அலுமினியக் கூட்டைப் பற்றி. கூடு முழுக்க வெள்ளை பூத்து, போல்ட்டுகள் இறுகி, கழற்றும்போதே காது உடைகிற நிலை என்றால் ஒவ்வொன்றாக மாற்றி முடியாது. இன்று டயோடு, ஆறு மாதத்தில் பேரிங், பிறகு கட்அவுட். அங்கே நான் புதிதுக்குப் போய்விடுவேன். மதுரைக்காரருக்கு இந்தக் கேள்வியே வராது. அங்கே கூடு பத்து வருடம் கழித்தும் சுத்தமாக இருக்கும். எங்களுக்குத்தான் கூடு ஒரு கணக்கு.

ரீகண்டிஷன் வகையில் நேரம் மிச்சம். மதுரையில் காலையில் கொடுத்து மதியம் மாட்டிக்கொண்டு வரலாம். ஆனால் வாங்குகிற டைனமோவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் தெரியாது. எந்தெந்தப் பாகம் புதிது, வாரண்டி எத்தனை மாதம் என்று பில்லில் எழுதிக் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். எழுத மறுத்தால் உங்கள் பழையதையே வேலை பார்ப்பது மேல், அதன் சரித்திரமாவது உங்களுக்குத் தெரியும். உடைத்த வண்டியில் கழற்றியதை நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். 2015-ல் சென்னையில், 2023-ல் தூத்துக்குடியில் எவ்வளவு வண்டிகள் வெள்ளத்தில் நின்றன என்று நாம் பார்த்தோம். தண்ணீர் குடித்த டைனமோ வெளியே பார்க்க நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

புதிது என்றால் லூகாஸ் டிவிஎஸ், பாஷ், டென்சோ, வேலியோ என்று உங்கள் வண்டிக்குக் கம்பெனி போட்ட அதே பெயரையே கேளுங்கள். ஆம்பியர் எண் பழையதற்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். யாத்ரீகர்களை ஏற்றும் வேனுக்குக் கூடுதல் விளக்கு, பெரிய ஸ்பீக்கர் எல்லாம் மாட்டியிருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்துக்கோ சேதுக்கரைக்கோ வருகிற கூட்டத்தில் வண்டி மணிக்கணக்கில் ஐடிலில் ஏசி போட்டு நிற்கும். ஐடிலில் டைனமோவின் வேகமும் உற்பத்தியும் குறைவு. அப்படிப் பிழைக்கிற வண்டிக்கு அரைகுறை வேலை ஆகாது. ஒரு நாள் நின்றால் போகும் வாடகை, கார்பன் மாற்றி மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். அவர்களுக்குப் புதிதே நல்லது. வாரம் இருமுறை டவுனுக்குப் போகும் வீட்டு வண்டிக்கு உள்ளூர் வேலை தாராளம்.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இன்னொரு வகைச் சிக்கல் உண்டு. வீட்டுக்காரர் வளைகுடாவில், வண்டி பத்து மாதம் ஷெட்டில். "வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோம்" என்பார்கள். ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜை அந்த ஐந்து நிமிட ஐடில் திருப்பித் தருவது நிச்சயமில்லை. நின்ற இடத்திலும் கடிகாரம், அலாரம் எல்லாம் கொஞ்சம் உறிஞ்சும். 50 மில்லிஆம்ப் வரை சாதாரணம்தான், ஆனாலும் மாதக்கணக்கில் அது பேட்டரியைக் காலியாக்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்ட ஆள் இருந்தால் அதுதான் முதல் வழி, பிரேக்கும் டயரும்கூடப் பிழைக்கும். ஆள் இல்லை என்றால் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றித் துணி சுற்றி வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து சார்ஜ் போடச் சொல்லுங்கள். தானாக நின்றுகொள்ளும் சின்ன சார்ஜரை நிரந்தரமாக மாட்டி வைப்பது நல்ல வழிதான். கரண்ட் அடிக்கடி போய்வரும் ஷெட்டில் அதை யாராவது வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

புது வண்டிகளுக்கு ஒரு எச்சரிக்கை. டைனமோவை ஈசியுவே கட்டுப்படுத்தும் வண்டிகளில் பேட்டரி நிறைந்திருந்தால் வேண்டுமென்றே 12.8, 13 என்று இறக்கி ஓட்டும், பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். ஒரு முறை அளந்துவிட்டு டைனமோ போச்சு என்று சொல்லாதீர்கள். விளக்கெல்லாம் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள், ஸ்கேனர் உள்ள இடத்தில் காட்டுங்கள். சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டிக்கு அதற்கென்று உள்ள இஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரியையே போட வேண்டும். சாதாரண பேட்டரி விலை குறைவு, அதில் சீக்கிரம் சாகும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கடையில் பணம் கொடுப்பதற்கு முன் மீட்டரை நீங்களே வையுங்கள். நின்ற நிலையில் ஒன்று, ஓடும்போது ஒன்று, எல்லா விளக்கும் ஏசியும் போட்டு ஒன்று, இன்ஜின் உடம்புக்கும் நெகட்டிவுக்கும் இடையே ஒன்று. நான்கு எண்களையும் தேதியோடு பில்லின் பின்பக்கம் எழுதி வண்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். என் பில்லில் 12.6, 14.3, 13.9, 0.1 என்று இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கத்தில் அன்றைய எண்ணை எழுதுகிறேன். கடைசி எண் 0.1-ல் இருந்து 0.3 ஆனபோது கேபிளை மறுபடி மாற்றினேன். ரப்பரைக் கீறிப் பார்த்தேன், பச்சை தொடங்கியிருந்தது.